பெயர் சூட்டும் முன்: நம் பெயரும் அண்டை வீட்டார் பெயரும் சொல்லும் பொருள்

பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் நம் வீடுகளில் எழும் அடுத்த கேள்வி, "என்ன பேரு வைக்கப் போறீங்க?" என்பதுதான். முன்பு இதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். குலசாமியோ, இறந்துபோன தாத்தாவோ, வேண்டிக்கொண்ட கோயிலோ பிள்ளைக்குப் பெயரைத் தந்துவிடும். இன்று கைப்பேசியில் பட்டியல் தேடுகிறோம், எண்கணிதம் பார்க்கிறோம், கூப்பிட நன்றாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். பிள்ளை பள்ளிக்குப் போய், "உன் பெயருக்கு என்ன பொருள்?" என்று ஆசிரியர் கேட்கும் நாளில்தான் பெற்றோருக்கே பதில் தெரியவில்லை என்பது தெரிகிறது.

பல இனத்தார் கூடி வாழும் நம் நாட்டில் ஒரே வகுப்பறையில் பத்து விதமான பெயர் முறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணங்களில் சிலவற்றையும், பிள்ளையின் பெயரைப் பதியும் முன் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே தொகுத்துள்ளோம்.

தோட்டத்துப் பெயர்கள்

காலைப் பெரட்டில் வாசிக்கப்பட்ட பெயர்களை மூத்தவர்கள் நினைவுகூரலாம். மாரியாயி, முனியாண்டி, வீராசாமி, காத்தமுத்து, பச்சையம்மாள், பேச்சியம்மாள், கருப்பையா. இவற்றில் பெரும்பாலானவை காவல் தெய்வங்களின் பெயர்கள். மாரி என்றால் மழை. மழையைத் தந்து அம்மை நோயைத் தணிப்பவளாக மாரியம்மனை வணங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவள் பெயரையே வைத்தார்கள். முனியாண்டியும் முனியம்மாவும் முனீஸ்வரன் காவலில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள். காத்தமுத்து, காத்தான் என்ற பெயர்கள் காத்தவராயனிடமிருந்து வந்தவை. இருட்டு விலகும் முன் காட்டுக்குப் போன மக்களுக்கு இந்தத் தெய்வங்கள்தான் துணை.

இன்று சிலர் சொல்லக் கூச்சப்படும் பெயர்களும் உண்டு. குப்பன், குப்பாயி, குப்புசாமி, பிச்சை, பிச்சையம்மாள் போன்றவை. முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். மதிப்பில்லாத பொருள் என்று எண்ணி எமன் இதை விட்டுவிடட்டும் என்பது அந்தத் தாயின் தந்திரம். பிச்சை என்பது தெய்வத்திடம் மடியேந்திப் பெற்ற பிள்ளை. வரிசையாகப் பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டில் அடுத்தவள் போதும்பொண்ணு ஆனாள். அந்தப் பெயரில் வீட்டாரின் மனக்குறை அப்படியே தெரிகிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் குப்பன் என்றால், அவருக்கு முன் பிறந்து இறந்த பிள்ளைகள் இருந்திருக்கலாம். அதை எழுதி வைத்த ஏடு எதுவும் உங்கள் குடும்பத்தில் இருக்காது. அவர் பெயர் ஒன்றுதான் சாட்சி.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. சீனர்களும் பிள்ளைகளுக்குக் கண்ணேறு படாமலிருக்க மட்டமான செல்லப் பெயர் வைத்தார்கள். ஆ காவ் என்ற பழைய பெயருக்கு நாய் என்று பொருள்.

ஊரைச் சொல்லும் பெயர்கள்

ஏழுமலை என்றால் திருப்பதி. அண்ணாமலை என்றால் திருவண்ணாமலை. பழனியப்பன், பழனியம்மாள் ஆகிய பெயர்கள் பழனியையும், ரெங்கசாமி திருவரங்கத்தையும், வைத்திலிங்கம் வைத்தீஸ்வரன் கோயிலையும் சொல்கின்றன. பொன்னம்பலம் என்பது தில்லைச் சிதம்பரத்தின் பொற்சபை. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்த குடும்பங்களில் இந்தப் பெயரை அதிகம் காணலாம்.

தெலுங்குக் குடும்பங்களில் அப்பலசாமி, அப்பலநாயுடு, சிம்மாசலம் என்ற பெயர்கள் உண்டு. விசாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள சிம்மாசலம் மலைக்கோயிலின் நரசிம்மரை மக்கள் அப்பன்னா என்று அழைப்பார்கள். வட ஆந்திரத்திலிருந்து கப்பலேறிய மக்கள் அந்த மலையின் நினைவைப் பெயரில் கொண்டுவந்தார்கள்.

பக்கிரிசாமி என்ற பெயரையும் கவனியுங்கள். பக்கிரி என்பது அரபுச் சொல். நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது என்ற மகானிடம் வேண்டிப் பெற்ற பிள்ளைகளுக்கு, நாகப்பட்டினம், தஞ்சைப் பகுதி இந்துக் குடும்பங்கள் பக்கிரிசாமி, நாகூரான் என்று பெயரிட்டன. அந்த மகானின் நினைவாக எழுந்த தர்காக்கள் பினாங்கு சூலியா தெருவிலும் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் இன்றும் நிற்கின்றன.

தமிழுக்குத் திரும்பிய பெயர்கள்

1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அவருடைய இயற்பெயர் வேதாசலம். வேதம் என்பதை மறை என்றும் அசலம் என்பதை மலை என்றும் மாற்றித் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். பின்னர் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். 1929ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954இலும் தந்தை பெரியார் மலாயா வந்தார். தமிழ் இதழ்களும் தமிழர் திருநாள் விழாக்களும் பரவிய காலத்தில் இளங்கோ, தமிழ்ச்செல்வன், கலைச்செல்வி, மலர்விழி, அன்பரசி போன்ற பெயர்கள் இங்கும் பெருகின.

பழைய பெயர்களிலும் தூய தமிழ் உண்டு. முருகு என்றால் அழகு, இளமை, மணம். அதிலிருந்து வந்தவன் முருகன். இன்று புதுமையாகத் தோன்றும் கவின் என்ற பெயருக்கும் அழகு என்பதே பொருள். ஆதவன் கதிரவன். கயல்விழி மீன் போன்ற கண்ணுடையவள்.

வடமொழி வேருடைய பெயர்களுக்கும் நல்ல பொருள் உண்டு. "ஷ்" என்று முடியும் பெயர்கள் பலவற்றில் மறைந்திருப்பது ஈசன் என்ற சொல். லோகேஷ் உலகத்தின் தலைவன். தினேஷ் பகலின் தலைவன், அதாவது சூரியன். சுரேஷ் தேவர்களின் தலைவன். ரமேஷ் என்றால் ரமாவின் நாயகன். ரமா என்பது இலட்சுமி, ஆகவே ரமேஷ் திருமால். ஹரிணி என்றால் பெண்மான், தனுஷ் என்றால் வில். இப்படிப் பிரித்துப் பார்க்க முடியாத, இரண்டு பெயர்களை வெட்டி ஒட்டிய பெயர்களும் இப்போது வருகின்றன. அவற்றுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடைப்பதில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர் பெயர்கள்

வேதாகமப் பெயர்களை ஒலியால் ஏற்றுக்கொண்டதோடு பொருளாலும் மொழிபெயர்த்துக்கொண்டவர்கள் நம் முன்னோர். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். அதனால் கத்தோலிக்கத் தமிழர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். யோவான் என்றால் இறைவன் அருள் கூர்ந்தார் என்று பொருள், ஆகவே அவர் அருளப்பர். லாசர் என்பதற்கு இறைவன் உதவினார் என்று பொருள், தமிழில் அது தேவசகாயம். 1745இல் அந்தப் பெயரில் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்ற பெயர்கள் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையிடமிருந்து வந்தவை. சவேரியாரின் பெயர் சவரிமுத்து ஆயிற்று.

ஐரோப்பியப் பெயர்களில் பீட்டர் என்றால் பாறை, டேவிட் என்றால் அன்புக்குரியவர், சாரா என்றால் இளவரசி, சோஃபியா என்றால் ஞானம். ஜார்ஜ் என்ற கிரேக்கப் பெயருக்கு மண்ணை உழுபவர் என்று பொருள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைத் தாங்கிய பினாங்கு ஜார்ஜ்டவுனின் பெயருக்குள்ளும் ஓர் உழவர் இருக்கிறார்.

மலாய்ப் பெயர்கள்

மலாய்க்காரர் பெயர்களில் பெரும்பகுதி அரபு மொழியிலிருந்து வந்தவை. முகமது என்றால் புகழப்பட்டவர், அமினா நம்பிக்கைக்குரியவள், நூர் ஒளி. சித்தி என்பது "என் தலைவி" என்ற பொருள் தரும் அரபு மரியாதைச் சொல்லின் சுருக்கம். அதை நம் சின்னம்மாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்துல் என்று மட்டும் ஒருவரைக் கூப்பிடுவது பொருந்தாது. அதற்கு "இன்னாருடைய அடியார்" என்றுதான் பொருள். அடுத்த சொல்லும் சேர்ந்தால்தான் பெயர் நிறைவாகும். அப்துல் ரஹ்மான் என்றால் அளவற்ற அருளாளனின் அடியார். பின் என்றால் மகன், பிந்தி என்றால் மகள். கமிஸ், ஜுமாட் என்ற பெயர்கள் வியாழனையும் வெள்ளியையும் குறிக்கும்.

அரபுக்கு முன்பே மலாய் மண்ணில் வேரூன்றிய இந்திய மொழிப் பெயர்களும் ஏராளம். சுமார் 1400இல் மலாக்காவை நிறுவியவரின் பெயர் பரமேசுவரா. புத்ரா, புத்ரி, டேவி, இந்திரா, ரத்னா, சூரியா ஆகியவை நமக்கு விளக்கம் தேவைப்படாதவை. வீரா என்பது வீரன், கெஞ்சானா என்பது காஞ்சனம், கெசுமா என்பது குசுமம், செம்பாக்கா என்பது செண்பகம், செத்தியா என்பது சத்தியம். மணிகம் என்ற மலாய்ச் சொல் நம் மாணிக்கத்திலிருந்து வந்தது. புத்ராஜெயா நகரம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரையும் வெற்றி என்ற பொருள் தரும் ஜெயாவையும் இணைத்து எழுந்தது.

கடல் கடந்து போனால் பொருள் மாறிவிடுவதும் உண்டு. சாயா என்ற வடசொல்லுக்கு நிழல் என்ற பொருளும் ஒளியின் சாயல் என்ற பொருளும் உண்டு. நமக்கு நிழலாக நின்ற அதே சொல், மலாயில் சஹாயா ஆகி வெளிச்சத்தைக் குறிக்கிறது.

சீனப் பெயர்கள்

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். லிம் என்ற குடும்பத்தாரும் லாம் என்ற குடும்பத்தாரும் எழுத்தில் ஒன்றே. ஹொக்கியன் பேச்சில் லிம், கன்டோனீஸ் பேச்சில் லாம், மாண்டரினில் லின். பொருள் காடு. அதுபோல டான், சான், சின், சென் ஆகிய நான்கும் பெரும்பாலும் ஒரே எழுத்தின் நான்கு ஒலிகள்.

பழைய குடும்பங்களில் நடுப்பெயர் தலைமுறையைக் குறிக்கும். அண்ணன், தம்பி, பெரியப்பா மகன் என்று அந்தத் தலைமுறையார் எல்லாருக்கும் அது பொதுவாக இருக்கும். மிங் என்றால் ஒளி, ஹொக்கியனில் அது பெங். கிம் என்றால் பொன், லான் என்றால் ஆர்க்கிட் மலர். ஆனால் ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லிவிட முடியாது. மெய் என்பது அழகாகவும் இருக்கலாம், பிளம் பூவாகவும் இருக்கலாம், தங்கையாகவும் இருக்கலாம். எந்த எழுத்து என்று கேட்டால்தான் தெரியும்.

அக்காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த சீனப் பெண் குழந்தைகளையும் இங்கே நினைக்க வேண்டும். லெட்சுமி, மாரியம்மா என்ற பெயரோடு சேலை கட்டி, தமிழ் பேசி, தமிழ்ப் பாட்டிகளாகவே வாழ்ந்தவர்கள் அவர்கள்.

சீக்கியர், சரவாக் மக்கள், ஜாவா, பாலி

சீக்கியர் பெயர்களில் ஆண், பெண் வேறுபாடு பெரும்பாலும் இல்லை. குர்ப்ரீத், ஹர்ஜித் என்ற பெயர்கள் இருபாலருக்கும் உரியவை. பின்னால் சிங் வந்தால் ஆண், கவுர் வந்தால் பெண். சிங் என்றால் சிங்கம், கவுர் என்றால் இளவரசி. குரு கிரந்த சாகிப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தில் வரும் பாடலின் முதல் எழுத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அவர்கள் மரபு. குர்ப்ரீத் என்றால் குருவின் அன்பு.

சரவாக்கில் ஈபான் மக்கள் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் அனாக் என்று எழுதுகிறார்கள். பிள்ளை என்பதே அதன் பொருள். மகன், மகள் என்ற வேறுபாடு அதில் இல்லை. மலேசியா உருவான காலத்து ஈபான் தலைவரின் பெயர் துமெங்கோங் ஜுகா அனாக் பாரியெங்.

ஜாவாக்காரர்களிடம் ஒற்றைப் பெயர் வழக்கம் உண்டு. இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்னோவுக்கு இளமையில் வைத்த பெயர் குஸ்னோ. அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் அவருடைய தந்தை பெயரை மாற்றினார். சுகர்னோ என்பதில் இருப்பவன் மகாபாரதத்துக் கர்ணன். சு என்ற முன்னொட்டுக்கு நல்ல என்று பொருள். பாலித் தீவில் முதல் பிள்ளை வயான், இரண்டாவது மாடே, மூன்றாவது நியோமான், நான்காவது கெத்துத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வயானிலிருந்து தொடங்குவார்கள்.

தாய்லாந்து மன்னர் பூமிபோலின் பெயரும் நமக்குப் பழக்கமான சொற்களால் ஆனதுதான். பூமி, பலம் ஆகிய இரண்டும் சேர்ந்தது அது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பிறந்த கிழமையே பெயராகிறது. வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி, சனியன்று பிறந்தவர் குவாமே. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் ஒரு வெள்ளிக்கிழமைப் பிள்ளை.

அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகுமா?

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறோம். மலேசியாவில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பவற்றின் சுருக்கம் நடுவில் வருகிறது. சிங்கப்பூரில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் வருகிறது. நம்மைப் போலவே தந்தை பெயரைத் தாங்குபவர்கள் ஐஸ்லாந்து மக்கள். 1980இல் அந்நாட்டு அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர். ஃபின்பொகியின் மகள் விக்டிஸ் என்று அதற்குப் பொருள்.

வெளிநாட்டுப் பாரங்களில் சிக்கல் எழுவது இங்கேதான். மலேசியக் கடப்பிதழில் முழுப்பெயரும் ஒரே வரியில் இருக்கிறது. மேற்படிப்புக்குப் போகும் இடத்தில் குடும்பப் பெயர் எது என்று தனியாகக் கேட்கிறார்கள். அங்கே அப்பா பெயரை எழுதிவிட்டால், விரிவுரையாளர் மகளை அப்பா பெயரால் கூப்பிடுவார். பல்கலைக்கழகம், விசா, வங்கி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதினால் ஒருவரே மூவராகத் தோன்றுவார். எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே பின்பற்றுவது நல்லது.

பதியும் முன் கவனிக்க

முதலாவது, எழுத்துக்கூட்டல். பழைய தலைமுறையில் பெயரைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். சொன்னவருக்குப் படிக்கத் தெரியாது, எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. இதனால் சின்னசாமி என்ற ஒரே அப்பாவின் பெயர், ஒரு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் எஸ் எழுத்திலும் இன்னொரு பிள்ளையின் பத்திரத்தில் சி எழுத்திலும் தொடங்கும். அப்பா கண்மூடிய பிறகு நிலம், சேமநிதி, காப்புறுதி என்று அலையும்போதுதான் அந்த ஓர் எழுத்தின் விலை தெரியும். உடன்பிறந்தவர்கள் இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை எவருக்கும் வர வேண்டாம். அடையாள அட்டையில் உள்ளபடியே அப்பா பெயரை எழுதுங்கள். பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, நம் எழுத்துகள் சிலவற்றுக்கு ரோமன் எழுத்தில் இடமில்லை. ழகரத்தை ஒருவர் எல் என்றும் மற்றவர் இசட் எச் என்றும் எழுதுவர். யாழினி, கயல்விழி, எழிலரசி என்று வைப்பவர்கள் எப்படி எழுதப் போகிறோம் என்பதை வீட்டிலேயே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மூன்றாவது, அண்டை மொழியில் அது எப்படி ஒலிக்கிறது என்பது. மதி நமக்கு நிலவும் அறிவும். எச் சேர்க்காமல் எழுதினால் மலாயில் அது இறப்பைக் குறிக்கும் சொல்லாகிவிடும். மாலு என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம், மலாயில் அதே எழுத்துகள் வெட்கத்தைக் குறிக்கும். பாலா என்று எழுதும் எழுத்துகளை மலாயில் படித்தால் பேரிடர் என்ற பொருள் வரும். இதற்காக நல்ல பெயரைக் கைவிட வேண்டியதில்லை. ஓர் எழுத்தைச் சேர்த்தோ, முழுப்பெயராகவோ எழுதினால் போதும். வகுப்பில் யாராவது கேலி செய்தால் என்ன பதில் சொல்வது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

நான்காவது, பொருளைக் கேளுங்கள். பெயர் எந்த மொழியிலிருந்து வந்தாலும் அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் விசாரித்துவிடுங்கள். நம் நாட்டில் அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பாக்சிக்கோ, கடைக்காரச் சீனப் பெரியவருக்கோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கோ தெரிந்திருக்கும்.

கடைசியாக, வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்களுக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பெயரையே சூட்ட வேண்டும் என்பதில்லை. இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம், அல்லது பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மாரியாயியின் கொள்ளுப்பேத்திக்கு மழை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தால், அவள் வளர்ந்து காரணம் கேட்கும் நாளில் சொல்வதற்கு வீட்டில் ஒரு கதை இருக்கும்.